அமைச்சரின் மானத்துக்கு அரசு வழக்கறிஞர் எதற்கு?

கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவர் கடிதம் அனுப்பினார். அதிகாரிகள் சிலருக்குச் சங்கரோடு இருந்த தொடர்பு அதில் வெளிவருவதாக இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு அக்டோபர் 7-இல் வந்த, நக்கீரன் ஆசிரியர் பெயரால் வழங்கும் ராஜகோபால் தீர்ப்பை அந்தரங்க உரிமைக்காகவே எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பத்திரிகைக்கு அதைவிட முக்கியமானது மற்ற பாதி. வெளியிடும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை கிடையாது. அரசாங்கம் தனக்கு மானநஷ்டம் என்று ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. பணி தொடர்பான செய்திக்கு ஓர் அதிகாரி ஈடு கேட்டால், பொய் என்பது மட்டும் போதாது. உண்மையா என்று கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதியதாக நிரூபிக்க வேண்டும்.

ஆனால் அவதூறைக் குற்றமாக்கிய, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளைப் பற்றி இப்போது பேசவில்லை என்று அதே தீர்ப்பு ஒதுங்கிக்கொண்டது. சிவில் கதவு சாத்தப்பட்டது, கிரிமினல் கதவு திறந்தே கிடந்தது. அரசுகள் அந்த வழியாகத்தான் வருகின்றன.

நீங்களோ நானோ அவதூறு வழக்குப் போட வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் முன் நின்று சத்தியம் செய்து வாக்குமூலம் தர வேண்டும், வக்கீல் ஃபீஸும் நம்முடையது. அமைச்சருக்கு அது வேண்டாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 199(2)-ஆக இருந்த விதியின்படி, பணி தொடர்பான அவதூறு என்றால், அரசு அனுமதி ஆணை போடும், அரசு வழக்கறிஞர் ஆறு மாதத்துக்குள் நேரே செஷன்ஸ் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்வார். செலவு மக்கள் பணம். இதை வெள்ளைக்காரன் சட்டம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1955-இல் நம் நாடாளுமன்றம் 198-பி என்று சேர்த்தது இது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-இன் புதிய நடைமுறைச் சட்டத்திலும் 222-ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது.

ஆசிரியர் ஜெயிலுக்குப் போவது அபூர்வம். வாய்தாதான் தண்டனை. எழுதியது உண்மை என்பது மட்டும் போதாது, பொதுநன்மைக்காக எழுதியது என்பதையும் காட்ட வேண்டும். அந்தப் பொறுப்பு எதிரியாகக் கூண்டில் நிற்பவர் தலையில். சின்னப் பத்திரிகை இரண்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தால் மூன்றாவது வருஷம் அந்தத் துறையைப் பற்றி எழுதாது. அதுதான் நோக்கமும்.

2016-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுகள் செல்லும் என்றது. ஆனால் அரசு வழக்கறிஞர் தன் மூளையைப் பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. அந்த இழையைப் பிடித்துத்தான் 2020 மே 21-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ், தமிழக அரசு பத்திரிகை ஆசிரியர்கள் மீது போட்ட வழக்குகளை ரத்து செய்தார். சம்மன் கையில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான். செய்தி அமைச்சரின் பணியைப் பற்றியதா, சொந்த வாழ்க்கையைப் பற்றியதா? அனுமதி ஆணையில் காரணம் இருக்கிறதா, இல்லை ஒரே அச்சில் வார்த்ததா? ஆறு மாதம் தாண்டிவிட்டதா? ஒன்று இடித்தாலும் உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம்.

2021-இல் புதிய அரசு பத்திரிகையாளர்கள் மீதான 90 வழக்குகளைத் திரும்பப் பெற்றது. வரவேற்கிறேன். ஆனால் அது தயவு. அடுத்த முதல்வர் 91-ஆவதைப் போடலாம்.

அரசு வழக்கறிஞர் புகார் போட வழிவிடும் இந்த உட்பிரிவை நீக்கினால் அமைச்சர்கள் அநாதையாகிவிட மாட்டார்கள். நேரடியாக மாஜிஸ்திரேட்டிடம் புகார் தரும் உரிமை அவர்களுக்கும் இருக்கிறது. அதே பிரிவு சொல்கிறது. டெல்லியைக் காத்திருக்கவும் வேண்டாம். குற்றவியல் நடைமுறை பொதுப்பட்டியலில் உள்ளது. தமிழக சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்கு அனுப்பலாம்.