"இப்ப நல்லாத்தானே இருக்கான், அப்புறம் என்ன?"

பைபோலார், அதாவது மனம் ஒரு சமயம் மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் இன்னொரு சமயம் கடும் சோர்வுக்கும் போகும் மனநோய், உள்ளவர் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காத சொந்தக்காரரே கிடையாது. மேனியா என்கிற அந்த மிதமிஞ்சிய உற்சாகம் அடங்கியாச்சு, மனச்சோர்வும் விட்டாச்சு, ராத்திரி தூங்குகிறான், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான். இதற்குப் பிறகும் முழு நேர வேலைக்குப் போகவில்லை என்றால் சோம்பேறி. தீர்ப்பு ரெடி.

என் தம்பி கணக்கு எழுதுகிறவன். ஒரு காலத்தில் கீபோர்டைப் பார்க்காமலே டேலியில் அடித்துத் தள்ளுவான். இப்போது ஒரு பில்லைப் பார்த்துத் தொகையை அடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது "அந்தப் பார்ட்டிக்குப் பணம் போயிடுச்சா?" என்று கேட்டால் போதும். எந்த பில், எதுவரை அடித்தோம், எல்லாம் போச்சு. மறுபடி முதலிலிருந்து. வீட்டில் நாலு பேர் ஒன்றாகப் பேசும்போது ஜோக்குக்கு எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் அவன் சிரிப்பான். "சொல்ல வந்தது தெரியுதுக்கா, வார்த்தைதான் வர மாட்டேங்குது" என்பான். சோகமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொல்வான்.

1899-ல் ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின், இன்று நாம் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) என்று சொல்வதிலிருந்து இந்த நோயைத் தனியாகப் பிரித்தார். இதில் இடைப்பட்ட காலத்தில் ஆள் பழையபடி தேறிவிடுவார் என்பதுதான் அவர் கண்ட முக்கிய வித்தியாசம். மருத்துவ உலகமும் வெகுகாலம் அப்படியே நம்பியது. மனநிலை சமமாக இருக்கும்போதே சோதித்துப் பார்த்த பிந்தைய ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன: கவனம், காதால் கேட்டதை நினைவில் வைப்பது, திட்டமிடுவது, மூளை வேலை செய்யும் வேகம் ஆகியவற்றில் பலருக்குக் குறை தங்கிவிடுகிறது. எல்லோருக்கும் இல்லை. சிலர் முன்பு போலவே இருக்கிறார்கள்.

"இன்னைக்கு என்ன கிழமை, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிச்சுட்டே வாங்க" என்று கேட்கும் 30 மார்க் சோதனையில் இது பெரும்பாலும் சிக்காது. தம்பி அதில் கிட்டத்தட்ட முழு மார்க். ஆபீஸில் யாரும் ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதில்லையே!

என் கோபம் இதுதான்: இப்படி ஒன்று இருக்கிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொல்லாததால் பழி முழுக்க மாத்திரை மேல் விழுகிறது. "இந்தக் கருமம்தான் என்னை மந்தமாக்குது" என்று நோய் உள்ளவர்களே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரைக்கும் பங்கு உண்டுதான். டோபிரமேட் போன்ற மருந்துகள் வார்த்தையைத் தடுமாற வைக்கும், இந்த நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரையால் தைராய்டு குறைந்தாலும் மந்தம் வரும். ஆனால் லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் மேனியா திரும்பி வரும் ஆபத்து அதிகம். மேனியா பலமுறை வந்தவர்களுக்கு நினைவாற்றல் பாதிப்பும் கூடுதலாகக் காணப்படுகிறது. எதைக் காப்பாற்ற நிறுத்தினார்களோ, அதுவே போகலாம்.

அதனால் டாக்டரிடம் தூக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். மறதியைச் சொல்லுங்கள், தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள், மிச்சமிருக்கும் லேசான சோர்வையும் மறைக்காதீர்கள். டோஸை மாற்றுவது அவர் வேலை. ஸ்பெயினில் பைபோலார் உள்ளவர்களுக்கு 21 வாரப் பயிற்சி ஒன்று நடத்தி, அன்றாட வேலைகளில் முன்னேற்றம் கிடைத்ததாக 2013-ல் ஆய்வு வெளியிட்டார்கள். அதுபோல இங்கேயும் பரவலாக வர வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் மனநோயும் சேர்ந்திருக்கிறது. அரசு அலுவலகங்கள் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது. தம்பியின் இப்போதைய முதலாளிக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. வாயால் சொல்கிற வேலையை வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி தட்டிவிடுகிறார், காலையில் தாமதமாக வரச் சொல்லியிருக்கிறார், அவன் அடிக்கும்போது குறுக்கே யாரையும் பேச விடுவதில்லை. அவருக்கு இதில் ஒரு பைசா செலவில்லை.