என் தாத்தா ஒரே ஆள்தான்

வியாழக்கிழமை குடியுரிமை அலுவலகத்தில் என் மகளின் அட்டைக்கான ஃபைலை மூன்றாவது தடவையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காரணம் பழைய காரணமேதான். தாத்தாவின் பிறந்த வருஷம் ஒரு தாளில் 1912, இன்னொன்றில் 1914, வேறொன்றில் 1915. பெயர் மூன்று விதம். சொந்த ஊருக்கு இரண்டு ஜில்லா. "இதப் பார்த்தா மூணு ஆள் மாதிரி இருக்கே" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், பர்மிய மொழியில். அதோடு விட்டிருந்தால்கூட வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு தின்றுவிட்டுப் படுத்திருப்பேன். அடுத்து ஒன்று கேட்டார்: "உங்க தாத்தா ஏன் ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொண்ணாச் சொன்னார்?"

அங்கேதான் எனக்கு வயிறு எரிந்துபோனது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எரிந்தது. இப்போது இதை எழுதும்போதும் ஆறவில்லை.

என் தாத்தா எதையும் மாற்றிச் சொல்லவில்லை. அவரை யாரும் ஒழுங்காகக் கேட்கவே இல்லை. கேட்டவர்களும் தங்கள் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தத் தாள்களுக்குள் இருக்கிற முரண்பாட்டுக்கு இன்றைக்கு நான் பதில் சொல்ல வேண்டுமாம்.

ரங்கூனில் இருக்கிற நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1823க்கு முன்பே இங்கே குடியிருந்த இனத்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மைப் போன்றவர்கள் 1948 ஜனவரி 4ஆம் தேதிக்கு முன்பே வந்தோம் என்று காட்டி, அங்கிருந்து தலைமுறை எண்ணி வர வேண்டும். மூன்றாம் தலைமுறைக்குத்தான் முழு உரிமை. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, மற்றவர்களுக்கு நீலம், பச்சை. அப்பாவிடம் கடைசிவரை நீல அட்டைதான். என் மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அவள் கையில் எந்த நிறத்தில் அட்டை வரும் என்பது, அவள் கண்ணால் பார்த்தே இராத ஒரு மனிதர் எந்த வருஷம் பிறந்தார், எந்த வருஷம் கப்பல் ஏறினார் என்பதில் நிற்கிறது.

சரி, அந்த வருஷக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்று மாதமாக அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தாத்தாவின் ஜாதக நோட்டில் "ஆனந்த வருஷம் மாசி மாசம்" என்று இருக்கிறது. ஆனந்த வருஷம் 1914 சித்திரையில் பிறந்து 1915 பங்குனியில் முடிந்தது. அப்படியானால் மாசி என்பது 1915 பிப்ரவரி பிற்பாதியோ மார்ச் முற்பாதியோ. வீட்டில் இருப்பவர்களை அரசாங்கம் பதிந்து வைக்கிற குடும்பப் பட்டியலின் பழைய பிரதியில் பர்மிய வருஷம் 1276 என்று எழுதியிருக்கிறார்கள். பின்னால் யாரோ அதை ஆங்கில வருஷத்துக்கு மாற்றும்போது 1276உடன் 638ஐக் கூட்டி 1914 என்று போட்டுவிட்டார்கள். பர்மிய வருஷமும் நம் வருஷம் மாதிரியே ஏப்ரல் நடுவில்தான் பிறக்கிறது. பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானும் சித்திரை முதல் தேதியும் அடுத்தடுத்து வருவது இங்கே வளர்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால் தையிலும் மாசியிலும் பிறந்தவர்களுக்கு 638 போதாது, 639 கூட்ட வேண்டும். கூட்டினால் 1915. ஆனந்த வருஷமும் 1276உம் ஒரே வருஷம்! ஜாதகமும் பட்டியலும் ஒரு நாள்கூட முரண்படவில்லை. முரண்பாடு முழுக்க அந்த ஒற்றைக் கூட்டல் கணக்கில் இருக்கிறது. இதை நான் ஒரு தாளில் எழுதி, மாதக் கணக்கைக் கட்டம் போட்டுக் காட்டிக் கொடுத்தேன். அந்த அதிகாரி படிக்கவில்லை. பேனாவால் 1914ஐயும் 1915ஐயும் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் அந்த 1912. அது 1954இல் பதிந்த அடையாள அட்டை. அதில் பிறந்த தேதியே கிடையாது, "வயது 42" என்று மட்டும் இருக்கிறது. அப்பா சொல்லியிருக்கிறார்: வரிசையில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் வயசு போட்டார்களாம். துறைமுகத்தில் இருபது வருஷம் மூட்டை தூக்கின உடம்பு. முப்பத்தொன்பது வயசுக்காரருக்கு நாற்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறார்கள். வெயிலில் கருத்த முகத்துக்கு எழுத்தர் கூட்டிப் போட்ட மூன்று வருஷத்துக்காக, செத்து எத்தனையோ வருஷமான மனிதரைப் பொய்க்காரர் என்கிறார்கள்.

பெயர் விஷயம் இதைவிட மோசம். தாத்தா பெயர் கருப்பையா. அவருடைய அப்பா பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து மு. கருப்பையா. பர்மிய வாயில் 'ர' ஒலி 'ய' ஆகிவிடும். அதனால் 1954 அட்டையில் கயுப்பாயா. அதையே ஆங்கில எழுத்தில் எழுதியவர் கா, யு, பா, யா என்று நாலு துண்டாக வெட்டி வைத்தார். அப்பா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது தகப்பன் பெயர் என்ற இடத்தில் முன்னால் 'ஊ' என்ற மரியாதைச் சொல்லைப் போட்டு, பின்னால் கடைசி இரண்டு துண்டை மட்டும் வைத்து "ஊ பாயா" என்று எழுதிவிட்டார்கள். குடும்பப் பட்டியல் எழுத உட்கார்ந்திருந்தவர் முதலெழுத்தையே பெயர் என்று நினைத்துவிட்டார். அதில் தாத்தா "ஊ மூ". இங்கே குடும்பப் பெயர் என்ற வழக்கம் கிடையாது, முதலெழுத்து என்ற வழக்கமும் கிடையாது. அதனால் அவர்களைப் பொறுத்தவரை கயுப்பாயா, ஊ பாயா, ஊ மூ மூன்று பேர். எனக்கு அவர் ஒரே ஆள். அப்பாவைத் தோளில் வைத்து அனவ்ரதா சாலைக் காளி கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போன ஆள். அந்தச் சாலையும் ஒரு தாளில் பிரேசர் தெரு, இன்னொரு தாளில் அனவ்ரதா சாலை என்று இருக்கிறது. அதற்கும் விளக்கக் கடிதம் கேட்டார்கள்! அரசாங்கம் மாற்றின தெருப் பெயருக்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டும் கடிதம்.

ஊர்ப் பெயருக்கு வருகிறேன். தாத்தாவின் பழைய தாளில் தஞ்சாவூர் ஜில்லா, அறந்தாங்கி தாலுகா. சின்னத் தாத்தா குடும்பம் 1964இல் ஊருக்குத் திரும்பிப் போனது. கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்த அந்த வருஷத்தில், கையில் கொண்டுபோக ஒன்றும் இல்லாமல்தான் போனார்கள். அவர்கள் அங்கிருந்து அனுப்பிய சான்றிதழில் அதே ஊர் புதுக்கோட்டை மாவட்டம் என்று இருக்கிறது. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் உண்டானபோது அறந்தாங்கி அதற்குள் போய்விட்டது. ஊர் அசையவில்லை, கோடு அசைந்தது. இங்கே அதற்கும் வட்டம் போட்டுவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட என்னைத் தூங்க விடாமல் அடித்தது அவர் எந்த வருஷம் வந்தார் என்ற கேள்வி. அதற்குத் தாளே கிடையாது. 1937 ஏப்ரல் வரைக்கும் பர்மா இந்தியாவோடு சேர்ந்திருந்தது. சென்னையில் கப்பல் ஏறி ரங்கூனில் இறங்குவது ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்குப் போவது போலத்தான். தென்னாப்பிரிக்காவுக்கும் மொரீஷியசுக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்காவது கப்பல் பட்டியலில் நம்பர் உண்டு, தகப்பன் பெயர் உண்டு, ஊர்ப் பெயர் உண்டு. வேலைக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற மேஸ்திரி பின்னால் போன என் தாத்தாவுக்கு ஒன்றும் இல்லை. இருந்த கொஞ்ச நஞ்சமும் 1941 டிசம்பரில் ரங்கூன் மீது குண்டு விழுந்தபோதும், ஜப்பான்காரன் காலத்திலும் போனது போனதுதான்.

எங்களிடம் இருந்தது அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, சொன்ன ஒரு வாக்கியம். "கலவரத்துக்கு மறு வருஷம் உங்க தாத்தா வந்தாரு." எந்தக் கலவரம்? 1930 மே மாதம் துறைமுகத்தில் நடந்த கலவரமா, 1938 ஜூலையில் ஊர் முழுக்க நடந்ததா? 1931ஆ, 1939ஆ? எட்டு வருஷம் வித்தியாசம். இரண்டு வாரம் இதிலேயே கிடந்தேன். கடைசியில் பெரிய அத்தையின் ஜாதகம் கிடைத்தது. தாது வருஷம் ஐப்பசி, ரங்கூனில் ஜனனம். தாது என்றால் 1936. அத்தை 1936இல் இங்கே பிறந்திருந்தால் தாத்தா 1939இல் வந்திருக்க முடியாது. ஆக, அப்பாயி சொன்னது முதல் கலவரம். அந்த ராத்திரி அழுதுவிட்டேன். அப்பாயி அந்த ஜாதகங்களைப் புடவை முந்தானையில் முடிந்து, குண்டு விழுந்த ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடியவள். காகிதத்தில் முடிச்சு மடிப்பு இன்னும் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு வரி அழிந்தே போயிருக்கிறது.

அலுவலகத்தில் என்ன சொன்னார்கள்? "இது சோசியம். ஆவணம் கிடையாது." அழிரப்பரை எடுத்து அழித்த மாதிரி இருந்தது எனக்கு. முகத்தைப் பார்த்து எழுதின வயது ஆவணமாம். பிறந்த நாழிகையைப் பார்த்து எழுதினது சோசியமாம்.

எங்கள் வீட்டு ஆட்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதையும் மறைக்க விரும்பவில்லை. தாத்தா கருமாதி முடிந்த மறுநாள் சின்னையா ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்த கடிதங்களைப் படுக்கையோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார். ஊரிலிருந்து வந்த கடிதங்கள். ஒவ்வொன்றிலும் முகவரி, தேதி, உறவு முறை எல்லாம் இருந்திருக்கும். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கடிதம் வீட்டில் இருந்தாலே பயம் என்று இப்போது சொல்கிறார். பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒன்றே ஒன்றை எடுத்து வைத்திருக்கக்கூடாதா? அவரிடம் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி தொண்டை வரை வந்து நிற்கிறது.

பெரியப்பா மகனுக்கு வேறு யோசனை. கம்ப்யூட்டரில் அழகாக வம்ச வரைபடம் போட்டுக்கொண்டு வந்தான். கருப்பையா, 1914, தஞ்சாவூர். "ஏதாவது ஒண்ணை வச்சுக்குவோம் அக்கா, எதுக்கு இந்தத் தலைவலி" என்கிறான். ஏதாவது ஒன்றா? 1914 தப்பு என்று காட்டத்தான் மூன்று மாதம் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு இவன் பிள்ளைகள் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்து இதுதான் உண்மை என்று சண்டை போடும்.

தரகர் ஒருவரும் வந்து போனார். எல்லாத் தாளும் ஒத்துப்போகிற மாதிரிப் புதிதாக ஒன்று எழுதி வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள் என்றார். தொகையைக் கேட்டதும் மனசு ஒரு நிமிஷம் ஆடியது உண்மை. மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. அப்புறம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். இதுவரை என் தாத்தாவைப் பற்றித் தப்பாக எழுதியவர்கள் எல்லாம் அவரை அறியாதவர்கள். அறிந்தே தப்பாக எழுதுகிற முதல் ஆளாக நான் இருக்க மாட்டேன். தரகர் போன பிறகுதான் பரணில் தேட ஆரம்பித்தேன். சாமான்களுக்கு அடியில் பித்தளைக் குடம் ஒன்று கிடந்தது. சின்ன வயதில் அதில்தான் தண்ணீர் பிடிப்போம். புளி போட்டுத் தேய்த்தேன். கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து மெல்ல எழும்பியது. பாதிப் புள்ளிகள் தேய்ந்துவிட்டன, விரலால் தடவினால்தான் தெரிகிறது.

மு.கரு. இரங்கோன் 1934.

தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கின குடம். தன் பெயரைத் தானே சொல்லி, பக்கத்தில் நின்று வெட்டச் சொன்ன எழுத்து. 1934இல் அவர் இந்த ஊரில் இருந்தார். அத்தை ஜாதகமும் குடமும் ஒன்றுக்கொன்று சாட்சி.

திங்கட்கிழமை நாலாவது தடவை போகிறேன். அந்த மூன்று பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சத்தியப் பத்திரம் எழுதி, தெரு முதியவர்கள் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கியாயிற்று. ஜாதக நோட்டுக்குப் பர்மிய மொழிபெயர்ப்பு ஆயிற்று. குடத்தைத் தாத்தாவின் பழைய வேட்டியில் சுற்றி வாசலருகே வைத்திருக்கிறேன். அதை அந்த மேசை மேல் வைத்து, அந்த அதிகாரியின் விரலைப் பிடித்தாவது அந்தப் புள்ளிகளின் மேல் நகர்த்தி, எழுத்து எழுத்தாக நானே படித்துக் காட்டுவேன்.