அட்சுஷி ஓனிட்டாவுக்கு மல்யுத்தம் தெரியும்

ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்த வீரர் அட்சுஷி ஓனிட்டா, வெடி பொருத்திய களத்தில் ஆடிப் பேர்பெற்றவர். "ஓனிட்டாவுக்கு மல்யுத்தமே தெரியாது, அதான் வெடியை நம்பினார்" என்று சொல்வது தவறு. அவர் ஜெயன்ட் பாபா என்ற வீரர் நடத்திய ஆல் ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தில் அடிப்படையிலிருந்து கற்று, 1974ல் களமிறங்கியவர். 1982ல் என்.டபிள்யூ.ஏ. என்ற மல்யுத்தக் கூட்டமைப்பின் சர்வதேச ஜூனியர் ஹெவிவெயிட் (எடை குறைந்த வீரர்களுக்கான பிரிவு) பட்டத்தை சாவோ குரேரோ என்ற வீரரிடமிருந்து வென்றார். மறுவருடம் முழங்கால் சில்லு உடைந்தது. தாவிப் பறக்கிற ஜூனியர் பாணிக்கு அதோடு முற்றுப்புள்ளி, 1985ல் ஓய்வு.

பிறகு திரும்பி வந்து, 1989ல் எஃப்.எம்.டபிள்யூ. என்ற சொந்த மல்யுத்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1990 ஆகஸ்ட் 4, டோக்கியோவின் ஷியோடோமே: எதிரே டார்சான் கோட்டோ, கயிறுகளுக்குப் பதிலாக வெடி பொருத்திய முள்கம்பி. உடம்பு கம்பியில் பட்டால் வெடிக்கும். முள் சதையைக் கிழிக்கும், வெடி தோலைச் சுடும். அங்கே கயிற்றில் மோதித் திரும்பி ஓடும் வேலையே கிடையாது. எதிராளி கம்பியை நோக்கி இழுக்க, ஓனிட்டா காலை ஊன்றிக் கம்பிக்கு ஓரடி முன்னால் நிற்பார். அந்த ஓரடிக்குத்தான் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். இந்த இடைவெளியைக் கையாளத் தேர்ந்த மல்யுத்த வீரரால்தான் முடியும்.

இன்னொன்று: 1995 மே 5, கவாசாகி மைதானத்தில் ஹயபுசா என்ற வீரருடன் ஆடியது, ஓய்வு ஆட்டம் என்று சொல்லப்பட்டாலும், அவருடைய கடைசி ஆட்டமல்ல. 1996லேயே திரும்பிவிட்டார்.