முடியும் நேரம் கேட்டேன், இதயம் தந்தார்கள்

சனிக்கிழமை கொழும்பில் ஒரு தமிழ் நாடகம் நடந்தது, ஆட்கள் அதிகம் வரவில்லை. மறுநாள் நடத்தியவர்கள் தங்கள் பேஸ்புக் பக்கத்தில் ஒரு பதிவு போட்டார்கள். வெறுங்கதிரைகளைப் படமெடுத்து "கொழும்புத் தமிழருக்கு ரசனை செத்துவிட்டது" என்று போட்டார்கள். முந்நூறு பேருக்கு மேல் பகிர்ந்துவிட்டார்கள். நாடகத்தின் அறிவித்தலைப் பகிர்ந்தவர்கள் பதினொரு பேர். உட்கார்ந்து எண்ணினேன். வேலை வெட்டி இல்லாதவன்தான், சரி.

செத்துப்போன ரசனைகளில் அம்மாவுடையதும் என்னுடையதும் இருப்பதால் சொல்கிறேன். அறிவித்தல் வந்ததே நான்கு நாளுக்கு முன்னர்தான். ஒரேயொரு படம். அதில் ஆறு பிரமுகர்களின் தலைகள், கீழே அனுசரணையாளர்களின் சின்னங்கள், இடையில் எறும்பு எழுத்தில் நாடகத்தின் பெயர். கதை என்ன, நடிப்பவர் யார் என்று ஒரு வரி கிடையாது. திகதியும் இடமும்கூடப் படத்துக்குள்தான். தேடினால் லேசில் அகப்படாது, கண் தெரியாதவருக்கு அவருடைய போன் ஒழுங்காக வாசித்துக் காட்டும் என்பதும் நிச்சயமில்லை. கீழே கேட்டேன்: "எத்தனை மணிக்கு முடியும்? மண்டபம் மேல்மாடியா, லிப்ட் இருக்கிறதா? அம்மாவுக்கு முழங்கால் ஏலாது."

பதில் வந்தது. ஒரு சிவப்பு இதயம்.

இதயத்தில் ஏறி அம்மா மாடிக்குப் போக முடியாது ஐயா. பக்கம் வைத்திருப்பது ஆட்களோடு கதைக்க. நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போக அது மதில் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் ஒரு நாடகக் குழுவில் எடுபிடியாக இருந்தவன். இரவில் போஸ்டர் ஒட்டப் போனால் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு நின்று விடியவேண்டி வரும். அதனால் மாஸ்டர் எங்களைப் பின்னேரங்களில் வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்குள் வீடு வீடாக அனுப்புவார். நோட்டீஸைக் கொடுத்தால் மட்டும் போதாது, வீட்டுக்காரர் என்ன கேட்டார் என்று வந்து ஒப்புவிக்கவும் வேண்டும். ஹம்டன் லேனில் ஓர் ஆச்சி, "எட்டரைக்குள்ள முடிப்பியளோ? பிறகு றோட்டில மறிப்பாங்கள்" என்றார். அடுத்த நோட்டீஸில் மாஸ்டர் 'நிறைவு: இரவு 8.00' என்று அடித்தார். ஆச்சி வந்தார். முன்வரிசையில், கையில் தேத்தண்ணிப் பிளாஸ்கோடு. அந்த ஒரு வரி அச்சாக அடுத்த நோட்டீஸ் வரை காத்திருந்தோம். இன்று அதை எழுத அரை நிமிடம் போதும்.

"அவர்கள் சம்பளமில்லாமல் செய்கிறவர்கள், குறை சொல்லாதே" என்று உள்பெட்டியில் மூன்று பேர். தெரியும். இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வாசிக்கத் தரும் 'நூலகம்' தளத்தை 2005இல் தொடங்கியவர்களும் தன்னார்வலர்கள்தான். அப்புறம், அதே சனி இரவே பிரதம அதிதிக்கு மாலை போடும் படங்கள் அறுபதுக்கு மேல் ஏறினவே, அதற்கு மட்டும் சம்பளம் கொடுத்தார்களா?

"காசு கட்டாவிட்டால் பேஸ்புக் யாருக்கும் காட்டாது" என்பது அடுத்தது. இதில் உண்மை இருக்கிறது. 2018 ஜனவரியில் அவர்களே அறிவித்தார்கள்: பக்கங்களின் பதிவுகளைக் குறைத்து, ஆட்கள் தங்களுக்குள் உரையாடுவதை முன்னுக்குக் கொண்டுவருவோம் என்று. அப்படியென்றால் கீழே ஒருவன் கேள்வி கேட்பது இலவசமாகக் கிடைத்த உரையாடல் அல்லவா? பதில் போட்டிருந்தால் இன்னொருவர் கேட்டிருப்பார், அதற்கும் ஒரு பதில். அதை விட்டுவிட்டு அல்காரிதத்தைத் திட்டுகிறோம். பிறகு ரசனையைத் திட்டுகிறோம்.

"ஏன் போன் பண்ணிக் கேட்கவில்லை?" பண்ணவில்லைதான். அதை விடுங்கள்.

இவர்களுக்குச் செய்யத் தெரியாது என்று நான் நம்பமாட்டேன். 2020 ஊரடங்கில் இதே ஆட்கள்தான் வீட்டுக் குசினியில் போனை நிமிர்த்தி வைத்துவிட்டு நேரலையில் பாடினார்கள். பின்னால் குக்கர் விசிலடிக்கும். வருகிற கருத்துகளை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். ஒரு நாள், "வெள்ளவத்தையில இருந்து பார்க்கிற அம்மாவுக்கு வணக்கம், நீங்கள் கேட்ட பாட்டு" என்று சொல்லிவிட்டுப் பாடினார்கள். அம்மா திரையைப் பார்த்துக் கைகூப்பினார். போகிற வருகிற எல்லாருக்கும் இரண்டு வருடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மண்டபமும் இல்லை, அனுசரணையாளரும் இல்லை, மாலை போடப் பிரமுகரும் இல்லை. அதனால்தானோ என்னவோ எங்களுக்கு ஒதுக்க அவர்களிடம் நேரம் இருந்தது.

அந்தப் பாட்டுக்காகத்தான் அம்மா போகக் கேட்டார். வேறு எந்த நாடகத்துக்கும் கேட்டவர் இல்லை. சனிக்கிழமை நான்கு மணிக்குச் சேலையை அயர்ன் பண்ணிக் கட்டிலில் விரித்துவிட்டு வந்து கேட்டார்:

"பதில் போட்டவையோ?"

"போட்டவை அம்மா."

"என்னவாம்?"

போனை நீட்டினேன். கண்ணாடி போடாமல் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இதென்ன, ரோசாப்பூவோ?"