தேங்காய் நிமிர்ந்ததும் அப்பா நம்பிவிட்டார்

தோவாளைப் பக்கத்து நண்பர் ஒருவர் போர்வெல் போடப் போகிறாராம். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்க ஆள் சொல்லியாயிற்று என்றார். அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் எங்களுக்கு ஒரு விளை, அதாவது தோட்டம், இருந்தது. நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா அங்கே கடன் வாங்கி போர் போட்டார். நீரோட்டம் பார்க்க வந்தவர் குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து நடந்தார். ஓரிடத்தில் அது விசுக்கென்று நிமிர்ந்தது. நானே பார்த்தேன். நானூறு அடி தாண்டியும் புகைதான் வந்தது. "வீட்டில் யாரோ சுத்தமில்லாமல் இருந்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்தப் பழியை அம்மா வருடக்கணக்கில் சுமந்தார். அதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அவர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. 'இங்கே இருக்கும்' என்று மனம் எதிர்பார்த்தாலே, நமக்குத் தெரியாமல் கை லேசாக அசையும். 1852-லேயே வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விளக்கியிருக்கிறார். உருண்டையான தேங்காய்க்கு மணிக்கட்டு இம்மி சாய்ந்தால் போதும்.

1990-ல் ஜெர்மனியின் காசெல் நகரில் நீரோட்டம் பார்ப்பவர்கள் சுமார் முப்பது பேரைச் சோதித்தார்கள். 50 சென்டிமீட்டர் ஆழத்தில் குழாய் புதைத்து, அது போகும் இடத்தை மேலே குறித்தும் வைத்தார்கள். இப்போது தண்ணீர் ஓடுகிறதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. மொத்தத்தில் பூவா தலையா போட்டுச் சொல்வதைவிட முடிவு மேலாக இல்லை. அரை மீட்டருக்கே இப்படி என்றால் நானூறு அடிக்கு?

சரி, மார்த்தாண்டம் பக்கம் தேங்காய் பார்த்துத் தோண்டிய கிணறெல்லாம் ஊறுகிறதே என்பார்கள். அங்கே இரண்டு பருவமழையும் நன்றாகப் பெய்கிறது, பார்க்காமல் தோண்டிய கிணறும் ஊறும். பாறைப் பகுதியில் தண்ணீர் வெடிப்புகளில்தான் தங்கும். மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி, மின்தடையை அளந்து பார்க்கும் முறை அதற்கு இருக்கிறது. அதுவும் சில நேரம் தவறும். தவறினால் வீட்டுப் பெண்கள்மேல் யாரும் பழி போடுவதில்லை.

நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். தேங்காய் நிமிரும் இடத்தில் அடையாளம் வையுங்கள். அப்புறம் தேங்காய் பார்ப்பவர் கண்ணைக் கட்டி, நாலு சுற்று சுற்றவிட்டு, மறுபடி நடக்கச் சொல்லுங்கள். அதே இடத்தில் நிமிர்கிறதா என்று பார்த்துவிட்டு லாரிக்குச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நானும் போகிறேன்.