நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதானுங்க

வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறினால் சர்க்கரை நோயாளிகள் பயப்பட வேண்டாம் என்று உங்கள் கட்டுரையில் வருகிறது. தயவுசெய்து இதைத் திருத்துங்கள். நான் ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிப் பக்கம். எங்கள் ஊர்ச் சர்க்கரை மீது எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அதிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான், ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறத்தான் செய்யும்.

நாட்டுச் சர்க்கரை ஒன்றும் செய்யாது என்று நம்பித்தான் எங்கள் அப்பா பல வருடம் மாத்திரையைத் தள்ளிப்போட்டார். பாதத்தில் மதமதப்பு வந்த பிறகுதான் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கே (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டுவது) சம்மதித்தார். 6.5 சதவீதம் வந்தாலே சர்க்கரை நோய். அவருக்கு 10-ஐத் தாண்டியிருந்தது. இப்போது மெட்ஃபார்மின் மாத்திரை, காலையில் நடை. அரிசியும்பருப்பும் சோறு பாதியாகி, கொள்ளும் கீரையும் கூடியிருக்கிறது. ராகிக் களிக்கும் அளவு உண்டு, அதுவும் மாவுச்சத்துதானே. வெறுங்காலோடு தோட்டத்துக்குள் இறங்காதீங்கப்பா என்றுதான் இன்னும் சண்டை. உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. தினமும் ராத்திரி பாதத்தைப் பார்த்துவிடுகிறோம், வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை.

"எனக்குச் சர்க்கரை இருக்குதுங்க, ஒப்பிட்டு (போளி) வேண்டாம்" என்று விசேஷ வீடுகளில் இப்போது அவரே வாய்விட்டுச் சொல்கிறார். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. அப்புறம், 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அடுத்த பதிப்பில் அதையும் சேருங்கள்.