பாடம் எண் 27

(மகனைப் பார்க்க ஒசாகா போன மாயவரத்துத் தம்பதி, ரயிலும் கேபிள் காரும் ஏறி கோயா மலைக்கு வந்திருக்கிறார்கள். ராத்திரி ஒரு கோயில் விடுதியில் தங்கல். இப்போது ஒகுனோயின் இடுகாட்டில் நடக்கிறார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சமாதிகள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் மரங்கள். பரமசிவம் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். ஜப்பானில் இறங்கிய நாளிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வாழ்க்கைப் பாடம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். யாரும் கேட்கவில்லை.)

பரமசிவம்: வசந்தா, நில். பாடம் எண் 27 கிடைத்துவிட்டது.

வசந்தா: எனக்கு இன்னும் ஒரு வாய் காபி கிடைக்கவில்லை. உங்களுக்குப் பாடம் கிடைத்துவிட்டதாக்கும்.

பரமசிவம்: நேற்று ராத்திரிச் சாப்பாடுதான் பாடம். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. சின்னச் சின்னக் கிண்ணம், ஒவ்வொன்றிலும் ஒரு வாய். "அளவோடு உண்பவன் ஆசையை வெல்கிறான்." எப்படி?

வசந்தா: பதினோரு மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறந்தது யாராம்?

பரமசிவம்: மெதுவாகத்தானே கடித்தேன்.

வசந்தா: அறைக்கும் அறைக்கும் நடுவில் காகிதக் கதவு. நீங்கள் கடித்த கடியில் பக்கத்து அறைக்காரர் பூகம்பம் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்தச் சாப்பாடு நிம்மதி. ஒசாகாவில் எந்தச் சூப்பைத் தொட்டாலும் மீன். இங்கே கடற்பாசியும் காளானும் போட்டுத்தான் சாறு இறக்குகிறார்களாம்.

பரமசிவம்: அதை விடு. இந்தக் கல்லைப் பார். யாரோ பெரிய மகான் போலிருக்கிறது.

வசந்தா: ஃபோனைக் காட்டுங்கள், மொழிபெயர்க்கட்டும். (படிக்கிறாள்) "கரையான்களே, அமைதியாக உறங்குங்கள்." கரையான் மருந்து அடிக்கிறவர்களின் சங்கம் வைத்த கல்லாம். அவர்களே கொன்ற கரையான்களுக்கு.

பரமசிவம்: ஆகா! என்ன கருணை! பாடம் எண் 28.

வசந்தா: என்ன கருணை? என் கூறைப்புடவையைப் பெட்டியோடு தின்றதே கரையான், அதற்கு யார் கல் வைத்தார்கள்? மருந்து அடிக்க வந்த ஆள் காசை எண்ணி வாங்கிக்கொண்டு போனான். நின்று ஒரு கும்பிடு போட்டானா?

(மணி பத்தரை. மரப்பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு துறவிகள் பாலத்தைக் கடக்கிறார்கள்.)

பரமசிவம்: ஷ்ஷ்! அது குகாய் மகானுக்குச் சாப்பாடு. 816-இல் இந்த மலையில் மடம் நிறுவியவர். 835-இல் தியானத்தில் உட்கார்ந்தார், இன்னும் எழுந்திருக்கவில்லை என்று நம்புகிறார்கள். நம் மந்த்ராலயத்து ராகவேந்திரர் மாதிரி. காலை ஆறுக்கு ஒருமுறை, பத்தரைக்கு ஒருமுறை கொண்டுபோய் வைக்கிறார்கள்.

வசந்தா: கிட்டத்தட்ட 1,200 வருஷமாகவா?

பரமசிவம்: ஒரு நாள் தவறாமல்.

வசந்தா: ஒரு நாளாவது உப்பு குறைச்சல் என்று சொல்லியிருப்பாரா? (கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்) மகான்தான்.

(பாலம். இதைத் தாண்டினால் படம் எடுக்கக் கூடாது. பரமசிவம் ஃபோனைப் பைக்குள் வைக்கும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தாண்டியதும் இடப்பக்கம் ஒரு சின்ன மரக்கூண்டு. கை நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே கீழ்த்தட்டில் ஒரு கல்.)

பரமசிவம்: இது மைத்ரேயர் கல். இனிமேல் வரப்போகிற புத்தராம் அவர். ஒரே கையால் மேல்தட்டுக்கு ஏற்ற வேண்டும். புண்ணியவானுக்கு லேசாக இருக்கும், பாவிக்குக் கனக்கும். தள்ளிக்கொள். (கையை விடுகிறார். முனகுகிறார்.) ம்ம்... ம்ம்ம்... வசந்தா, இது தரையோடு சேர்த்து ஒட்டியிருக்கிறது.

வசந்தா: முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன் தூக்கினானே. சொல்லுங்கள், என்ன பாவம்?

பரமசிவம்: நானா? முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ஒருத்தரிடம் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை.

வசந்தா: ஆபீஸ் கணக்கை யார் கேட்டார்கள்?

பரமசிவம்: (குரலைத் தாழ்த்தி) உன் தம்பி கல்யாணத்துக்குப் போட்ட மோதிரம்...

வசந்தா: அரைப் பவுன். மொய் நோட்டில்கூட எழுதியிருக்கிறதே.

பரமசிவம்: கால்.

வசந்தா: என்ன கால்?

பரமசிவம்: கால் பவுன். மீதிக் காலுக்கு மனசார வாழ்த்தினேன்.

(வசந்தா பதில் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகுகிறாள். கையை விட்டு, ஆட்டுக்கல்லிலிருந்து குழவியை எடுக்கிற மாதிரி எடுத்து மேல்தட்டில் வைக்கிறாள். பின்னால் நின்ற இரண்டு பாட்டிகள் குனிந்து வணங்குகிறார்கள்.)

வசந்தா: 1872 வரைக்கும் பெண்களை இந்த மலைக்குள் விடவில்லையாமே. அதுவரை இந்தக் கல் மேலே ஏறியதா என்று யாரையாவது கேளுங்கள்.

பரமசிவம்: தூக்கத் தெரிந்தால் போதாது வசந்தா. கீழே இருப்பதைக் கீழேயே விடுவதுதான் பற்றின்மை. பாடம் எண் 29.

வசந்தா: அதைக் குழுவில் போடுங்கள். அதற்குக் கீழே மோதிரக் கணக்கை நான் போடுகிறேன். என் தம்பியும் அந்தக் குழுவில்தான் இருக்கிறான்.

(பாடம் எண் 29 அனுப்பப்படவில்லை. திரும்பும்போது பழைய வழி. ஒரு சின்னக் கிணறு.)

பரமசிவம்: வசந்தா, அதன் பக்கம் போகாதே! உள்ளே எட்டிப் பார்த்து தண்ணீரில் நம் முகம் தெரியவில்லை என்றால் மூன்று வருஷத்துக்குள் ஆள் காலியாம்.

வசந்தா: அப்படியா? (போய்க் குனிந்து பார்க்கிறாள்.) அட, பளிச்சென்று தெரிகிறதே! பொட்டு எங்கே போயிருக்கிறது பாருங்கள், புருவத்துக்கு மேலே. கல் தூக்கும்போது நகர்ந்திருக்கும். (சாவகாசமாகப் பொட்டை எடுத்து நடுவில் ஒட்டுகிறாள். காதோர முடியையும் ஒதுக்குகிறாள்.) நீங்களும் வந்து பாருங்கள், நெற்றியில் விபூதி வழிந்திருக்கிறது.

பரமசிவம்: (பத்தடி தள்ளி, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு) எந்தப் பக்கம் என்று அங்கிருந்தே சொல். துடைத்துக்கொள்கிறேன்.